கட்டைவிரலுக்கு ஒரு மணி நேரம்

டிக்கெட் அக்கா ஒரே மூச்சில் ஆறு மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் உட்காரவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். போன வருஷம் அவள் காலில் உறைந்த ரத்தம் நுரையீரல் வரைக்கும் போய் எட்டிப் பார்த்த கதை அவருக்குத்தானே தெரியும். நடுவில் இறங்கி இன்னொரு விமானம் மாறிப் போகலாமா என்று மருமகள் மெல்லக் கேட்டுப் பார்த்தாள். ஆறு மணி நேரம் போகட்டும், ஒரு ராத்திரி படுத்துத் தூங்கட்டும், அப்படியே திரும்பி வரட்டும், அதற்கு மேல் என்னிடம் பேரம் பேசாதீர்கள் என்று மருந்துச் சீட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார்.

வரும் வழியெல்லாம் அக்கா வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காத அக்காவை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்கா கைப்பையைக் கூடக் கீழே வைக்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த உலக உருண்டையை இறக்கினாள். அறுபத்தெட்டு வயதில் நாற்காலி மேல் ஏறுகிற மாமியாரைப் பார்த்து மருமகள் ஓடிவந்து பிடித்துக்கொண்டாள். தம்பியைப் பார்த்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அவன் இருக்கும் ஊர் பதினாலு கட்டைவிரல் தூரம். டாக்டர் கொடுத்ததோ வெறும் ஆறு.

அது என்ன கட்டைவிரல் கணக்கு என்று கேட்பீர்கள். அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது.

அக்கா முப்பத்தைந்து வருஷம் விமான டிக்கெட் ஆபீஸில் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்தவள். அப்போதெல்லாம் டிக்கெட்டைக் கையால் எழுத வேண்டும். கார்பன் தாளின் சிவப்பு விரலெல்லாம் ஒட்டிக்கொண்டு சாயங்காலம் வரை போகாது. வருகிறவர்கள் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் கேட்கிற முதல் கேள்வி, எவ்வளவு நேரம் ஆகும் என்பதுதான். அதற்கென்று செங்கல் கனத்தில் ஒரு கால அட்டவணைப் புத்தகம் இருந்தது. ஆனால் அதில் போட்டிருப்பது எல்லாம் அந்தந்த ஊர் நேரம். கிளம்புவது இந்த ஊர்க் கடிகாரத்தில், போய்ச் சேருவது அந்த ஊர்க் கடிகாரத்தில். பத்து மணிக்குக் கிளம்பிப் பத்தரைக்குச் சேருகிறது என்று பார்த்துவிட்டு, அரை மணி நேரம்தானே, அப்போது சாப்பாடு போட மாட்டார்களா என்று முகம் வாடியவர்கள் உண்டு.

இவர்களுக்கெல்லாம் கிழக்கு மேற்கு என்று விளக்கி விளக்கித் தொண்டை வறண்டுபோன பிறகு அக்கா தானே ஒரு வழி கண்டுபிடித்தாள். மேஜை மேல் ஓர் உலக உருண்டை இருந்தது, இப்போது வீட்டில் பீரோ மேல் இருக்கிறதே, அதுதான். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு நூலை இழுத்துப் பிடிப்பாள். நூலின் மேல் கட்டைவிரலை மாற்றி மாற்றி வைத்து எண்ணுவாள். அந்த உருண்டையில் அவள் கட்டைவிரல் அகலம் ஒரு மணி நேரப் பறப்புக்குச் சரியாக இருந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை, அதுவாக அமைந்துவிட்டது. ஏறி இறங்க ஓர் அரை மணி சேர்த்துக்கொண்டால் கணக்கு முடிந்தது. வாடிக்கையாளர்கள் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, தங்கள் பிள்ளையோ புருஷனோ இருக்கும் ஊர் வரைக்கும் அந்த விரல் ஊர்ந்து போவதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில பேர் இன்னொரு தடவை எண்ணச் சொல்லுவார்கள். அக்கா முணுமுணுத்துக்கொண்டே எண்ணுவாள்.

தம்பியும் அதே ஆபீஸ்தான். எழுதிய டிக்கெட்டை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. ஆபீஸில் எல்லோரும் அவனைப் புயல் என்று கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவள் அக்காதான், கிண்டலுக்கு. காலையில் அடுத்த தெருவுக்கு சைக்கிளில் கிளம்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் தலையைக் காட்டுவான். போன இடத்தில் யாராவது டீ கொடுத்திருப்பார்கள், யாருக்காவது மின்விசிறியைக் கழற்றி மாட்டியிருப்பான், யாருடைய பாட்டுப் பெட்டியையாவது தட்டிப் பார்த்திருப்பான். ஊரில் அவனைத் தெரியாத வீடு கிடையாது.

மத்தியானம் கவுண்டரை மூடிவிட்டு இரண்டு பேரும் உருண்டைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருவர் இரண்டு ஊர் பெயர் சொல்ல வேண்டும். இன்னொருவர் பார்த்த மாத்திரத்தில் எத்தனை மணி நேரம் என்று சொல்ல வேண்டும். பிறகு நூல் போட்டுப் பார்ப்பார்கள். தோற்றவர் டீ வாங்க வேண்டும். அக்கா பெரும்பாலும் ஜெயிப்பாள். தம்பி தன் விரலால் அளந்து காட்டி, நான் சொன்னதுதான் சரி என்று சாதிப்பான். அவன் விரல் அப்பவே பட்டை. உன் விரலை வைத்தால் ஒரு தேசமே காணாமல் போகுது, எடுடா கையை என்று அக்கா தட்டிவிடுவாள். மூக்குக்கண்ணாடி என்று இவர்கள் பெயர் வைத்திருந்த மானேஜர் உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, சத்தம் போடாமல் உலகத்தைச் சுற்றுங்கள் என்பார்.  டீ வாங்க மாட்டேன் என்று அவன் பிடித்த அடம் ஒவ்வொன்றும் அக்காவுக்கு இன்றைக்கும் நினைவில் இருக்கிறது.

ஊரெல்லாம் சுற்றுகிறவனை ஊர் விடுமா. டிக்கெட் கொண்டுபோன ஒரு வீட்டுக்காரர் தூர தேசத்தில் ரொட்டிக்கடை வைத்திருந்தார். இவன் கதை அளந்துகொண்டே அவர் வீட்டு அடுப்பை ரிப்பேர் செய்து கொடுத்ததில் மனுஷர் மயங்கிவிட்டார். என்னோடு வந்துவிடு, வேலை கற்றுத் தருகிறேன் என்றார். தம்பிக்கு அப்போது இருபத்தாறு. அடுத்த மாதம் அவன் பெயருக்கு டிக்கெட் எழுத வேண்டியதாயிற்று, எழுதியவளும் அக்காதான். பெயரை எழுதும்போது எழுத்துப் பிசகி ஒரு டிக்கெட் வீணாகிப் போனது. மூக்குக்கண்ணாடி இன்னொன்று எடுத்துக் கொடுத்தார்.

அவன் விடியற்காலை நாலு மணி விமானத்தில் பறந்த அன்று அக்கா வழக்கம்போல வேலைக்கு வந்தாள். ஆனால் மணி அடிக்க அடிக்க உருண்டையில் கட்டைவிரலை ஒரு இடம் தள்ளி வைத்துக்கொண்டே இருந்தாள். இப்போது கடல் தாண்டியிருப்பான், இப்போது மலை மேல் இருப்பான் என்று. கவுண்டரில் வந்து நின்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கவுண்டருக்குப் போய்விட்டார்கள். பதினாலாவது விரல் வைத்தபோது ஆபீஸ் பூட்டுகிற நேரம். மூக்குக்கண்ணாடி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, இறங்கிட்டானாம்மா என்று கேட்டார். இறங்கிட்டான் சார் என்றாள்.

அதற்குப் பிறகு அவன் மூன்று நான்கு தடவை வந்துபோனான். கடைசியாக வந்தது அம்மா காரியத்துக்கு. அதிலும் ஒரு நாள் தாமதம், முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. அதற்குள் அவனுக்குக் கல்யாணமாகி ஒரு மகளும் இருந்தாள், பிறகு சொந்தமாகக் கடை, மகள் படிப்பு என்று இழுத்துக்கொண்டே போனது. நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் மனைவி பக்கவாதத்தில் படுத்தாள். அதோடு அவன் வீட்டை விட்டு அசைய முடியாமல் போய்விட்டது. அக்கா போகலாம் என்று டிக்கெட் போட இருந்தபோதுதான் கால் வீங்கியது. ஒருத்தருக்கு ஒருத்தர் போனில் முகம் பார்த்துக்கொள்வார்கள்தான். அது என்ன பார்ப்பது, கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனைப் பார்க்கிற மாதிரி. அடுத்த வருஷம் தன் கால் எந்த நிலையில் இருக்குமோ, தான் இருப்போமோ மாட்டோமோ, அதற்குள் ஒரே ஒரு தடவை அவனைத் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அக்காவுக்கு இருந்த ஒரே எண்ணம்.

டாக்டர் சொன்னதைக் கேட்ட தம்பிதான் போனில் அந்த யோசனையைச் சொன்னான்.

"உன்னால இங்க வர முடியாது. என்னால அங்க வர முடியாது. நடுவுல எங்கயாவது பாத்துக்கலாம்க்கா. ஏர்போர்ட்டுக்கு உள்ளேயே ரூம் இருக்காம். வெளிய போகக்கூட வேண்டாம்."

அவன் மகள் வேறு ஊரில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தாள். ஒரு சனிக்கிழமை விடியுமுன் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கிளம்பியாக வேண்டும், அதற்கு மேல் லீவு கிடையாது. அதற்குள் இவன் போய்த் திரும்ப வேண்டும். அக்காவுக்கு ஆறு மணி நேரம், அவனுக்கு ஒன்றரை நாள். இந்த இரண்டுக்கும் நடுவில் பொருந்துகிற ஒரு விமான நிலையம் வேண்டும்.

மருமகள் போனில் இரண்டு ஊர் பெயரை அடித்தால் தூரமும் நேரமும் வந்து விழுகிறது என்று காட்டினாள். பொத்தானைத் தட்டுகிறதற்கு முன்னாலேயே பதில் வந்துவிடுகிறது. அக்கா அதைப் பார்த்து, பரவாயில்லை, கெட்டிக்காரத்தனம்தான் என்று ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டுவிட்டு நூலைத் தேடினாள். தம்பியும் சளைத்தவன் இல்லை. இதை நாம் நம்ம வழியில்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லி, அவன் ஊரில் பள்ளிக்கூடச் சாமான் விற்கிற கடையில் ஓர் உருண்டை வாங்கிவந்துவிட்டான். ஒரு வாரம் முழுக்க இரண்டு பேருக்கும் போனில் இதே பேச்சு. இந்த ஊரைப் பார், அது வேண்டாம் மேலே தள்ளு, ஐயோ அது கடல்டா என்று அக்கா கத்துவது மாடி வரைக்கும் கேட்கும். முழங்கால் வலி, மாத்திரை, எதுவும் அந்த வாரம் அவள் வாயில் வரவில்லை. மருமகள் தன் புருஷனிடம், உங்க அம்மாவுக்கு இருபது வயசு குறைஞ்சு போச்சு என்று சொல்லிச் சிரித்தாள்.

கடைசியில் ஒரு ஊர் அகப்பட்டது. அக்கா பக்கத்திலிருந்து ஐந்தரைக் கட்டைவிரலுக்குக் கொஞ்சம் குறைவு. மருமகள் போனில் பார்த்தபோது ஆறு மணி நேரத்துக்கு ஐந்து நிமிஷம் குறைந்தது. டாக்டர் போட்ட கோட்டுக்கு உள்ளே வந்துவிட்டது. தம்பி அவன் பக்கம் அளந்துவிட்டு, ஐந்து கட்டைவிரல்தான்க்கா என்றான்.

அங்கேதான் அக்கா கோட்டைவிட்டாள். ஐந்தரையும் ஐந்தும் பத்தரை. மொத்தம் பதினாலு என்பது அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். மீதி மூன்றரை விரல் எங்கே போனது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே. பார்க்கப் போகிறோம் என்ற சந்தோஷத்தில் மனசு தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது, கணக்கு எங்கே ஏறும்.

தம்பி தன் வருகை டிக்கெட்டை முதலில் எடுத்தான். திரும்புகிற டிக்கெட்டை மகளிடம் நேரம் கேட்டுவிட்டு எடுக்கலாம் என்று வைத்திருந்தான். கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் போன் செய்தான். குரலில் துள்ளல். சனிக்கிழமை காலை எட்டுக்குக் கிளம்பி ஒரு மணிக்கு இறங்குகிறானாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி விமானத்தில் திரும்பினால் பதினொன்றுக்கு வீடு, மகள் கிளம்பச் சரியாக இருக்கும், ராத்திரி முழுக்க நம்முடையதுதான் என்றான்.

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"எட்டுக்குக் கிளம்பி ஒண்ணுக்கா? எப்படி அஞ்சு மணி நேரம்னு சொல்ற?"

"டிக்கெட்ல போட்டிருக்கே. என் விரலும் அஞ்சுதான் சொல்லுச்சு. ரெண்டும் ஒத்துப்போச்சு."

"டேய். அந்த ஊர்ல இப்போ மணி என்ன?"

ஐயோ அக்கா என்றான் அவன். ஆயிரம் பேருக்கு டிக்கெட் கொண்டுபோய்க் கொடுத்தவன், ஆயிரம் தடவை அக்கா சொல்லக் கேட்டவன். அவன் ஊருக்கு மேற்கே இருக்கும் அந்த ஊர்க் கடிகாரம் நாலு மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. டிக்கெட்டில் ஐந்து என்று தெரிந்தது உண்மையில் ஒன்பது. திரும்பும்போது அந்த நாலு மணி நேரத்தையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். காலை ஆறு மணி விமானம் அவனை ஞாயிற்றுக்கிழமை இருட்டின பிறகுதான் வீட்டில் கொண்டுபோய் விடும். மகள் எப்போதோ போயிருப்பாள்.

"உன் உருண்டை என்ன பெருசு இருக்கும்?" என்று அக்கா கேட்டாள்.

"ஒரு தேங்காய் அளவு இருக்கும்க்கா."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆபீஸ் உருண்டை அதைப்போல ஒன்றரை மடங்கு. சின்ன உருண்டையில் அவன் பட்டை விரலை வைத்து அளந்தால் ஒன்பது ஐந்தாகத்தான் வரும். நூல், விரல் எல்லாம் ஞாபகம் வைத்திருந்தவன், எந்த உருண்டை, யார் விரல் என்பதை விட்டுவிட்டான். அவனை மட்டும் சொல்லி என்ன, இவளும்தானே கேட்காமல் விட்டாள். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு ராத்திரியைத் தொலைத்துவிட்டார்கள். அறிவு கெட்டவனே என்று ஆரம்பித்து வாயில் வந்தபடியெல்லாம் திட்டினாள். திட்டிக்கொண்டே இருந்தவள் நடுவில் அழ ஆரம்பித்துவிட்டாள். மருமகள் வந்து போனை வாங்கிக்கொண்டாள்.

அவள்தான் தேடிப் பார்த்துச் சொன்னாள். இவன் இறங்குகிற அதே சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு விமானம் இருக்கிறது, அதில் ஏறினால் மறுநாள் காலையிலேயே வீட்டுக்குப் போய்விடலாம். அதை விட்டால் வேறு கதி இல்லை. ஒரு மணிக்கு இறங்கி, வரிசையெல்லாம் தாண்டி உள்ளே வந்து, மறுபடி ஆறேகாலுக்குள் விமானம் ஏறும் வாசலில் நிற்க வேண்டும்.

"நடுவுல அஞ்சு மணி நேரம் இருக்குல்லக்கா. பாரு, அப்பவும் அஞ்சுதான் வருது" என்றான் தம்பி. அவனால் மட்டும்தான் அந்த நேரத்திலும் அப்படிப் பேச முடியும். அக்காவுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்து தொலைத்தது.

ராத்திரி முழுக்கப் பேச என்று எடுத்துவைத்திருந்ததை எல்லாம் இப்போது ஐந்து மணி நேரத்துக்குள் அடைக்க வேண்டும். விமானத்தில் டாக்டர் சொன்ன இறுக்கமான காலுறையை மாட்டிக்கொண்டு, நேரத்துக்கு நேரம் எழுந்து நடந்துகொண்டே அக்கா பேச்சுகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கட்டினாள். அக்கம்பக்கத்துக் கதை வேண்டாம். மூக்குக்கண்ணாடி போய்ச் சேர்ந்த கதை சொல்லலாம், ஆனால் சுருக்கமாக. தன் நோய் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. அம்மாவின் கடைசி வாரம் மட்டும் முழுசாகச் சொல்ல வேண்டும். அம்மா என்ன கேட்டாள், எப்படிச் சிரித்தாள், அவன் பெயரை எத்தனை தடவை சொன்னாள் என்பது எல்லாம். அதைப் போனில் சொல்ல அவளுக்கு வாய் வந்ததே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டிய விஷயம் என்று இத்தனை வருஷம் வைத்திருந்தாள்.

அக்கா காலையிலேயே வந்து இறங்கிவிட்டாள். உள்ளே இருந்த அறையில் பெட்டியை வைத்துவிட்டு, காலை நீட்டி ஒரு மணி நேரம் படுத்தாள், தூக்கம் வரவில்லை. எழுந்து அந்த நீளமான கூடத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்து பார்த்தாள். அவன் திரும்ப ஏற வேண்டிய வாசல் கடைசிக் கோடியில் இருந்தது. வழியில் நகரும் நடைபாதை ஒன்று, அது ஓடவில்லை. போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து மனசில் குறித்துக்கொண்டாள். பழைய புத்தி, எங்கே போகும்.

ஒரு மணி தாண்டிக் கூட்டத்தோடு கூட்டமாக அவன் வந்தான். தலை முழுக்க வெளுத்து, முதுகு லேசாக வளைந்து, சட்டையைப் பேன்ட்டுக்குள் பாதி விட்டு மீதி வெளியே. நடையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. அவசரமே இல்லாத அந்தப் புயல் நடை. அக்கா எழுந்து நின்றாள். அவன் வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவன் உள்ளங்கை கெட்டியாக, அடுப்புச் சூடு பட்டுப் பட்டு வழவழப்பாக இருந்தது. தொட்டுவிட்டோம் என்று அக்கா நினைத்தாள். இனி எது எப்படிப் போனாலும் போகட்டும்.

முதல் அரை மணி நேரம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவன் சுட்டு எடுத்துவந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றார்கள். உப்பு கம்மி என்று அக்கா குறை சொன்னாள். நாற்பது வருஷமாக யாரும் சொல்லாத குறை என்று அவன் சண்டைக்கு வந்தான். வேண்டாம் என்று வைத்திருந்த அக்கம்பக்கத்துக் கதைகள்தான் முதலில் வந்தன. பிறகு அக்கா அவன் மனைவியைப் பற்றிக் கேட்டாள். நல்லாத்தான் இருக்கா என்றான். போனில் எப்போதும் அதேதான் சொல்லுவான். நேரில் அந்தப் பொய் செல்லவில்லை. அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும்க்கா. இல்லைன்னா முதுகு புண்ணாயிடும்" என்றான்.

"ராத்திரியிலயுமா?"

"ராத்திரியிலயும்தான். ஆள் வெச்சுப் பாத்தேன். வேற கை பட்டா அழறா. அதுக்கப்புறம் மூணு மணிக்குக் கடைக்கு மாவு பிசையணும்."

"நாலு வருஷமாவாடா?"

அவன் ரொட்டித் துணுக்கைத் துடைத்துவிட்டான். மகளுக்கு எல்லாம் காட்டிக் கொடுத்திருக்கிறேன், அவள் பார்த்துக்கொள்வாள் என்றான். அதை விடு, அம்மாவைப் பற்றிச் சொல்லு, கடைசியில் என்ன சொன்னாங்க என்று அவனே கேட்டான்.

அக்கா புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த வாரத்தின் திங்கட்கிழமையில் ஆரம்பித்தாள். அம்மா கஞ்சியை வேண்டாம் என்று தள்ளியது, ஜன்னலைத் திறக்கச் சொன்னது, சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசல் பக்கம் திரும்பியது. சொல்லச் சொல்ல அவளுக்கே அந்த அறையின் வாசனை வந்துவிட்டது. இதோ, உன்னைப் பற்றி என்ன கேட்டாள் தெரியுமா என்று சொல்லித் திரும்பினாள். தம்பி உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தான்.

அக்காவுக்கு சுருக்கென்று கோபம் வந்தது. இருபத்திரண்டு வருஷம் வைத்திருந்ததைச் சொல்ல வந்தால் தூங்குகிறானே என்று. பறந்து வந்தது எவ்வளவு தூரம், இருப்பது எவ்வளவு நேரம். தோளைப் பிடித்து உலுக்கக் கையைத் தூக்கியும்விட்டாள். அதற்குள் அவன் தலை சாய்ந்து அவள் தோளில் வந்து விழுந்தது. நல்ல கனம். வாய் லேசாகத் திறந்து, நெற்றியில் இருந்த கோடெல்லாம் தளர்ந்து கிடந்தது. கை உலுக்கப் போகாமல் அப்படியே அந்தரத்தில் நின்று, பிறகு மெதுவாக அவன் தலை நழுவாமல் பிடித்துக்கொண்டது.

இரண்டு மணி நேரம் ஆனபோது அவன் உடம்பு தானாகவே ஒரு தடவை தூக்கிப் போட்டது. கண்ணைத் திறக்காமலே கையால் பக்கத்தில் தேடினான், யாரையோ திருப்பிப் படுக்க வைக்க. அக்கா அந்தக் கையைப் பிடித்து, அவ நல்லா இருக்கா, நீ தூங்கு என்றாள். அவன் கை அடங்கிவிட்டது. இங்கே உட்கார்ந்து யார் யாரைப் பார்த்துக்கொள்ள வந்தோம் என்று அக்கா நினைத்தாள். அவள் கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கக் கை காலியாக இல்லை.

மணிக்கு ஒரு தடவை எழுந்து நடக்க வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. எழுந்தால் அவன் விழித்துக்கொள்வான். அதனால் அக்கா உட்கார்ந்த இடத்திலேயே செருப்புக்குள் கால் விரல்களை மடக்கி மடக்கி நீட்டினாள். குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். எதிரே இருந்தவர்கள் இந்தக் கிழவிக்கு என்ன ஆயிற்று என்பது போலப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். கண்ணாடிக்கு வெளியே வெயில் மஞ்சளாகி விமானங்களின் வால் மேல் ஏறி இறங்கியது. அம்மாவைப் பற்றிய மீதியை அவள் சொல்லவில்லை. தூங்குகிறவனிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது. வீட்டுக்குப் போன பிறகு ஒரு நாள் போனிலேயே சொல்லிக்கொள்ளலாம், முன்பு வராத வாய் இனிமேல் வரும் என்று தோன்றியது.

பலகையில் அவன் விமானத்தின் பெயருக்கு எதிரே விளக்கு எரிய ஆரம்பித்தது. அக்கா அவன் கன்னத்தைத் தட்டினாள்.

"டேய், எழுந்திரு. நேரமாச்சு."

"இன்னும் அஞ்சு நிமிஷம்க்கா" என்றான் தம்பி, கண்ணைத் திறக்காமல்.

அறுபத்துமூன்று வயசு ஆள். அக்கா பலகையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசிக் கோடி வரைக்கும் நடை, அங்கே வரிசை, கதவு மூடுகிற நேரம், எல்லாவற்றையும் கழித்துக் கணக்குப் போட்டாள். அணைத்துக்கொள்ள, அழ, போய்ட்டு வா என்று சொல்ல என்று பதினொரு நிமிஷம் மிச்சம் இருந்தது. பதினொன்றையும் அவன் தூங்கக் கொடுத்துவிட்டாள்.